ஜன்னலோர மேசையில எக்ஸ்பி

"இந்த வீட்ல நான் இருக்கிற வரைக்கும் புது சிஸ்டம் உள்ள வராது. அது வந்தா நான் வெளிய."

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, பல்லு கூட விளக்காம, கண்ணாடிக்காரர் இப்படி அறிவிச்சார். கேட்க ஆளு ரெண்டே பேர். அவரோட வீட்டுக்காரம்மா, அப்புறம் அந்தம்மாவோட தம்பி. தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வெச்சிருக்கிறவன். அக்காவைப் பார்க்க வந்தவன் பேசாம டீயைக் குடிச்சிட்டுப் போயிருக்கலாம். தோள்ல கிடந்த பையிலிருந்து புது லேப்டாப்பை எடுத்து மாமா முன்னாடி திறந்துட்டான். புலி முன்னாடி போய் மீசையை முறுக்கின கதைதான்.

கண்ணாடிக்காரருக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. கடைல வர்றவங்களை நாற்காலில உட்கார வெச்சு, லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா"ன்னு கேட்பார். ஊர்ல பாதிப் பேரு மூக்குல அவர் மாட்டிவிட்டதுதான் உட்கார்ந்திருக்கு. "ஆள் நடந்து வர்றதைப் பார்த்தே பவர் சொல்லிடுவேன்"னு பெருமை வேற. தொழில் அப்படி. ஆனா உயிரு வேற இடத்துல இருந்துச்சு. வீட்ல, ஜன்னலோர மேசை மேல, விண்டோஸ் எக்ஸ்பி ஓடுற பழைய டெஸ்க்டாப்ல.

திரைல பச்சை மேடு, நீல வானம், நாலு மேகம். அந்தப் படத்தைப் பார்த்தா அவருக்கு சொந்த ஊருக்கு வந்த மாதிரி. அவர் பொறந்த ஊர்ல மேடும் கிடையாது, பச்சையும் கிடையாது. அது வேற விஷயம்.

"மாமா, அதுக்கு அப்டேட்டே நின்னு எவ்வளவோ காலம் ஆச்சு," தம்பி மெதுவா ஆரம்பிச்சான்.

"அதான் மாப்ள அதோட சிறப்பே. நிம்மதியா இருக்கு. உன் புதுசு என்ன பண்ணுது? நான் அவசரமா கடைக்கு ஒரு விசிட்டிங் கார்டு அடிக்க உட்கார்ந்தா, இரு, நான் குளிச்சிட்டு வரேன்னு பாத்ரூம்குள்ள போயிடுது. பாதி வந்துட்டேன், முக்கால் வந்துட்டேன்னு உள்ள இருந்தே குரல் குடுக்குது. வெளிய வந்தா ஆளே மாறி வருது."

"பாதுகாப்புக்கு மாமா."

"யாருக்கு? சரி விடு, இந்தப் பட்டனைப் பாரு. இது பட்டனா?"

"பட்டன்தான்."

"எப்படித் தெரியும்? பட்டன்னா புடைச்சுட்டு நிக்கணும். அமுக்கினா உள்ள போகணும். இது சுவத்துல பெயின்ட் அடிச்ச மாதிரி தட்டையா கிடக்கு. எழுத்து எது, பட்டன் எது, சும்மா கிடக்கிறது எதுன்னு தடவிப் பார்த்துட்டே இருக்கணும். ஸ்டார்ட்டை ஏன்டா நடுவுல கொண்டு வந்து வெச்சீங்க? மூலைல பேசாம இருந்துச்சே, உங்களை என்ன பண்ணுச்சு?"

"அப்ப லினக்ஸ் போடுங்க மாமா. அதுவும் ஒரு சிஸ்டம்தான், இலவசம். பழைய மிஷின்லயும் பறக்கும்."

கண்ணாடிக்காரர் காதைப் பொத்திக்கிட்டார். "அந்தப் பேரை இந்த வீட்ல சொல்லாத. கறுப்புத் திரைல மந்திரம் ஓதுற கூட்டம் அது. ஒரு பாட்டு கேட்கணும்னா முப்பாட்டன் பேர்லேர்ந்து டைப் அடிக்கணும். எக்ஸ்பி அப்படியா? ரைட் கிளிக், ரெஃப்ரெஷ். எப்படி முழிச்சுக்குது பாரு."

சொல்லிட்டே செஞ்சும் காட்டினார். ரைட் கிளிக், ரெஃப்ரெஷ். ரைட் கிளிக், ரெஃப்ரெஷ். திரைல இருந்த படமெல்லாம் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டுச்சு. அவருக்கு அது கைப்பழக்கம். கம்ப்யூட்டரைப் போட்டதும் ரெஃப்ரெஷ், அணைக்கிறதுக்கு முன்னாடி ரெஃப்ரெஷ், யோசனை வரலைன்னா ரெஃப்ரெஷ். "மிஷினுக்கு இது மூச்சுப் பயிற்சி"ம்பார்.

"முன்னாடியெல்லாம் ஒரு ஃபைல் திறக்க கொஞ்சம் முக்கும். இப்பப் பாரு, குமரி மாதிரி ஓடுது. போன மழைக்காலத்துல நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தேனே, அதுக்கு அப்புறம் இன்னும் வேகம். உங்கக்கா தூசி தட்டி வெச்சா. வயசாக வயசாகத் தேறுற ஒரே ஜீவன் இதுதான்."

தம்பிக்கு டீ புரையேறிடுச்சு. அக்கா சமையலறைலேர்ந்து வந்து அவன் தலைல தட்டினாங்க. கொஞ்சம் பலமாவே. தட்டிட்டு உள்ள போயிட்டாங்க.

அந்தம்மா இருந்தது சமையலறை மூலைல, தையல் மெஷின் முன்னாடி. பேன்ட் ஆல்டர் பண்றது, ஜிப் மாத்துறது, தலையணை உறை தைக்கிறது, எல்லாம் அங்கதான். பட்டப்பகல்லயும் லைட்டு போடணும். கறுப்புத் துணில கறுப்பு நூலைக் கோக்கணும்னா ஊசியைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடணும். வீட்ல நல்ல வெளிச்சம் வர்ற இடம் ஒண்ணே ஒண்ணு. ஜன்னலோர மேசை. அதுல எக்ஸ்பி காலை நீட்டிப் படுத்திருந்துச்சு, மானிட்டரோட முதுகு ஜன்னலைப் பாதி அடைச்சிக்கிட்டு.

"ஏங்க, கண்ணு தெரிய மாட்டேங்குது"ன்னு அந்தம்மா சொல்லும்போதெல்லாம் கண்ணாடிக்காரர் அக்கறையா கடைக்குக் கூட்டிட்டுப் போய், சோதிச்சு, பவரை ஏத்திக் குடுத்தார். மூணு தரம் ஏத்தியாச்சு. மேசையை மட்டும் குடுக்கல.

ஆனா ஒரு பாராட்டு உண்டு. "உங்கக்காகிட்ட சுத்தத்தைக் கத்துக்கணும் மாப்ள. தையல்காரி வீடுன்னா கால் வெச்ச இடமெல்லாம் நூல் சுத்தும். இங்க ஒரு நூல்கண்டு கண்ணுல படுதா? முன்னாடி என் செருப்புக்குள்ளயே பட்டன் கிடக்கும். இப்ப எங்கதான் வெக்கிறாளோ."

அந்தம்மா மெஷினை நிறுத்திட்டு, கையைத் துடைச்சிக்கிட்டு, கூடத்துக்கு வந்தாங்க.

"ஏங்க, ஒரு சந்தேகம். புதுசு எது பழசு எதுன்னு பார்த்தாலே சொல்லிடுவீங்களா?"

"பார்க்க வேற வேணுமா? மவுஸைத் தொட்டா போதும்."

"நம்ம வீட்டுக்குள்ளயே ஒரு புதுசு வந்துடுச்சுன்னு வெச்சுக்குவோம். நீங்க கண்டுபிடிக்கலைன்னா?"

"நான் கண்டுபிடிக்கலைன்னா இந்த மேசையை நீ எடுத்துக்க."

"சரியா சொல்லுங்க. தம்பி சாட்சி."

"மேசை, ஜன்னல், வெளிச்சம், எல்லாம் உனக்கு. நான் சமையலறை மூலைல போய் உட்கார்றேன். போதுமா? ஆனா கண்டுபிடிச்சுட்டா, இனிமே இந்தப் பெட்டியை மாத்துங்கன்னு ஜென்மத்துக்கும் பேசக் கூடாது."

"பேச மாட்டேன்."

கண்ணாடிக்காரருக்கு ஒரே குஷி. தான் நாற்காலில உட்கார்ந்து, வேற ஒருத்தர் சோதனை பண்றது அவருக்கே புதுசு. அந்தம்மா லேப்டாப்பைத் தூக்கி டெஸ்க்டாப் பக்கத்துல வெச்சாங்க. கடைல அவர் பேசுற அதே குரல்ல கேட்டாங்க.

"நிதானமா பாருங்க சார். அவசரம் இல்ல. இது எப்படி?"

லேப்டாப்புல மவுஸை ரெண்டு இழு இழுத்தார். "புதுசு. உயிரே இல்ல. பொணத்தோட கை குலுக்கின மாதிரி."

"இது?"

டெஸ்க்டாப்பைத் தொட்டார். ரைட் கிளிக், ரெஃப்ரெஷ். முகம் மலர்ந்துச்சு. உள்ளேர்ந்து வர்ற கரகர சத்தத்துக்குக் காதைக் குடுத்தார்.

"கேட்டியா? இது ஹார்ட் டிஸ்க். எனக்காக யோசிக்குது. ரெஃப்ரெஷ் அடிச்சதும் ஒரு சிலிர்ப்பு ஓடுச்சே, அது எக்ஸ்பி தவிர உலகத்துல எதுக்கும் வராது."

அதோட விட்டாரா? கண்ணு ஈரமாயிடுச்சு.

"உனக்கு ஞாபகம் இருக்கா? கல்யாணம் ஆன புதுசுல இதைத்தான் முதல்ல வாங்கினோம். கட்டில் கூட அப்புறம்தான். சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் டிஸ்க்கை ஒழுங்குபடுத்துற டிஃப்ராக் போட்டுட்டு உட்காருவோம். கலர் கலரா கட்டம் நகர்றதை சினிமா மாதிரி பார்ப்போம். சிவப்பு போய் நீலம் வரணும்னு நீ வேண்டிப்ப. சீட்டுக்கட்டு ஆட்டம் ஜெயிச்சா சீட்டெல்லாம் குதிச்சுக் குதிச்சு விழுமே, அதுக்காகவே நீ எனக்கு சொல்லிக் குடுப்ப. அப்புறம் நம்ம முதல் சண்டை. நீ என்கூடப் பேசல. நான் கடைலேர்ந்து வந்து பார்க்கிறேன், ஸ்கிரீன் சேவர்ல எழுத்து மிதக்குது. தமிழ் வராதுன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்க. சாப்பாடு மேசைல இருக்குன்னு. அந்த எழுத்து மூலைக்கு மூலை முட்டிட்டுத் திரும்புது. நானும் அதைப் பார்த்துட்டே நின்னேன். அதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான்டி இருக்கு. இதை எப்படி நான் மாத்துவேன்?"

அந்தம்மா முந்தானையால மானிட்டர் மேல இருந்த தூசியைத் துடைச்சாங்க. ஆனா சோதனையை நிறுத்தல.

"முடிவா சொல்லுங்க சார். இதுதான் பழசா?"

"எழுதி வெச்சுக்க."

"தம்பி, ஸ்க்ரூ டிரைவர் குடு."

டெஸ்க்டாப் பெட்டியைப் பக்கவாட்டுல திருப்பினாங்க. ரெண்டு ஸ்க்ரூ. மூடியைக் கழட்டினாங்க.

உள்ள ஹார்ட் டிஸ்க் இல்ல. மதர்போர்டும் இல்ல. அடுக்கு அடுக்கா நூல்கண்டு. சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்புல மட்டும் எட்டு தினுசு. ஜிப் கட்டு, பட்டன் டப்பா, அளவு டேப்பு, பெரிய கத்தரிக்கோல். எல்லாத்துக்கும் நடுவுல, சோப்பு டப்பா அளவுல ஒரு சின்னப் பெட்டி. பாவாடை எலாஸ்டிக்ல கட்டித் தொங்குது. அதோட குட்டி ஃபேன்ல, சைக்கிள் சக்கரத்துல பசங்க அட்டை சொருகுவாங்களே, அப்படி ஒரு அட்டைத் துண்டு உரசுது. கரகர. கரகர.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டினார். நூல்கண்டு நூல்கண்டாவேதான் இருந்துச்சு.

"என் எக்ஸ்பி எங்க?"

"நீங்க அக்கா வீட்டுக்குப் போன மறுநாளே போயிடுச்சுங்க. ஒரு கருகின வாசனை, அவ்வளவுதான். இவனைக் கூப்பிட்டேன். பார்த்துட்டு, முடிஞ்சுது அக்கான்னு சொல்லிட்டான்."

"இத்தனை மாசமா ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஒரு மவுஸ் உடைஞ்சதுக்கே ஒரு வாரம் சாப்பிடல நீங்க. இதைச் சொன்னா தாங்குவீங்களா? உள்ள இருந்த எல்லாத்தையும் இவன் பத்திரமா எடுத்து இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டான். ஒண்ணும் போகல."

"அப்ப இதுல ஓடுறது?"

தம்பி தரையைப் பார்த்தான். "லினக்ஸ் மாமா. மேல மட்டும் எக்ஸ்பி சட்டை போட்டு விட்டிருக்கேன். அந்தப் பச்சை மேடு, ஸ்டார்ட் பட்டன், அந்த சத்தம், எல்லாம். அக்கா பக்கத்துல உட்கார்ந்து, பட்டன் இன்னும் கொஞ்சம் புடைக்கட்டும், இன்னும் கொஞ்சம் புடைக்கட்டும்னு உயிரை எடுத்துட்டாங்க."

"நான் லினக்ஸா ஓட்டிட்டு இருந்தேன்?"

"நல்லாவே ஓட்டுறீங்க மாமா. என்கிட்ட வேலை பாக்கிற பசங்களை விட."

கண்ணாடிக்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "பொய். ரெஃப்ரெஷ் இருக்கே. லினக்ஸ்ல ரெஃப்ரெஷ் கிடையாது. எனக்குத் தெரியும்."

"கிடையாதுதான். இவனும் அதையே சொன்னான்," அந்தம்மா மூடியை ஓரமா வெச்சாங்க. "ஒண்ணு செஞ்சு விடுடான்னேன். அது என்ன வேலை பண்ணணும் அக்கான்னு கேட்டான். ஒரு வேலையும் பண்ண வேணாம், சும்மா கண்ணைச் சிமிட்டட்டும்னேன்."

"எக்ஸ்பில மட்டும் அது என்ன பண்ணுச்சு மாமா," தம்பி வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வைல மூடிக்கிட்டான்.

மத்தியானத்துக்குள்ள எல்லாம் இடம் மாறியாச்சு. தையல் மெஷின் ஜன்னலோரம். அந்தம்மா மூக்குக்கண்ணாடியைக் கழட்டி ஓரமா வெச்சிட்டு, வெளிச்சத்துல கறுப்பு நூலை ஒரே தடவைல ஊசில கோத்தாங்க. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார். மூணு தரம் பவர் ஏத்தின மனுஷன். ஒண்ணும் பேசல.

பேசலைன்னா நிஜமாவே பேசல. வைராக்கியம். சமையலறை மூலைல, பருப்பு டப்பாவுக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவுல, பெட்டி முன்னாடி முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்துட்டார். தொட மாட்டேன்னு கையைக் கட்டிக்கிட்டார். லினக்ஸாச்சே.

தொடாம விட்டா என்ன ஆகும்? ஸ்கிரீன் சேவர் வந்துச்சு. கறுப்புல எழுத்து மிதந்து வந்துச்சு. அதே பழைய தடித்த எழுத்து. இங்கிலீஷ் எழுத்துல தமிழ்.

சாப்பாடு மேசைல இருக்கு.

மூலைல முட்டிச்சு, திரும்புச்சு. இன்னொரு மூலைல முட்டிச்சு, திரும்புச்சு. அவர் ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தார். அப்புறம் எழுந்து போய் சாப்பிட்டார். ரெண்டாம் தரமும் போட்டுக்கிட்டார்.

வயிறு நிறைஞ்சதும் ரோஷம் திரும்பிடுச்சு. அவ எழுதினா நானும் எழுதுவேன். பதிலுக்கு நாலு வார்த்தை நறுக்குன்னு மிதக்க விடணும். மூலைக்கு வந்து உட்கார்ந்தார், செட்டிங்ஸுக்குள்ள போனார், எழுத்தை மாத்தப் போனார். பளிச்சுன்னு ஒரு கட்டம் வந்து மறிச்சுது. பாஸ்வேர்டு கேட்டுச்சு. எக்ஸ்பி ஒரு நாளும் அவர்கிட்ட அப்படிக் கேட்டதில்ல.

கடை பேரை அடிச்சார். இல்ல. கல்யாண நாளை அடிச்சார். இல்ல. தன்னோட பேரையே அடிச்சார். சுத்தமா இல்ல.

வேற வழியில்லாம வைராக்கியத்தைக் கலைச்சார்.

"ஏய், இதுக்குப் பாஸ்வேர்டு என்ன?"

ஜன்னலோரம் தையல் மெஷின் ஓட்டம் நிக்கல. அந்தம்மா தலையையும் தூக்கல.

"ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க."