வராத புயலும் வராத சம்பந்தியும்

அன்று யாங்கோன் போட்டாதாங்கில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, பட்டுப்புடவையில் செல்வி அக்கா, இன்சீனிலிருந்து ரயிலேறி வந்த தாய்மாமா. இல்லாதவர்கள்: மாப்பிள்ளை வீட்டார், புயல், நான். இந்த மூன்றில் புயல் வராததற்கு மட்டும் நான் பொறுப்பல்ல.

எங்கள் பரம்பரையிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். (அப்பா போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கி மிதிக்க வைத்தார்.) ஒரு சின்ன இணையச் செய்திப் பக்கத்தில் நிருபர் வேலை, அதுவும் சோதனை மாதம். பருவத்தின் முதல் பெரிய புயல் என்றதும் யாங்கோன் செய்திப் பக்கங்களுக்கெல்லாம் கல்யாணக் களை வந்துவிட்டது. ஒருவர் வரைபடத்தைச் சிவப்பாக்கினால் அடுத்தவர் கருஞ்சிவப்பாக்கினார். அக்காவின் நிச்சயதார்த்தம் என்று லீவு கேட்டேன். "புயலா, அக்காவா, முடிவு பண்ணிக்க" என்றார் ஆசிரியர் கோ ஜோ. முகூர்த்தத்துக்குள் ஓடிவந்துவிடலாம் என்று ஆபீஸ் மஞ்சள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு படகுத்துறையில் போய் நின்றேன்.

நேரலை ஓடுகிறது. காற்று பேருக்குத்தான். காதில் கோ ஜோ கத்துகிறார்.

"பக்கத்துல நிக்கிற போட்டி நிருபனுக்கு முடி பறக்குது. உனக்கு ஏன் பறக்கல?"

"நிச்சயத்துக்காக எண்ணெய் வச்சு வாரியிருக்கேன், கோ ஜோ."

"பார்க்கிறவங்க அவன் நேரலைக்குப் போறாங்க! ஏதாவது சொல்லு!"

சொன்னேன். பர்மிய மொழியில், அடித்தொண்டையிலிருந்து: "போட்டாதாங் பக்கம் யாரும் வராதீர்கள்! கிளம்பியவர்கள் அப்படியே திரும்பிப் போங்கள்!"

பத்தே நிமிடத்தில் அம்மாவின் போன். "யாரைடா வரவேணாங்கிறே? கியாக்தான்லேருந்து வந்துக்கிட்டிருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உன் நேரலையைப் பார்த்துட்டுப் பாதி வழியில இறங்கித் திரும்பிட்டாங்கடா!"

"புயலுக்குப் பயந்தாம்மா?"

"புயலுக்கு யாருடா பயந்தா? நல்ல காரியத்துக்குக் கிளம்பினவங்களைப் பொண்ணோட தம்பியே 'திரும்பிப் போங்க'ன்னா, அதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப்போனவள் அக்கா. போனை வாங்கியவள் திட்டவில்லை. "நகையைக் கழட்டிடட்டுமா, மணி?" என்று மட்டும் கேட்டாள்.

கியாக்தானுக்கு டாக்ஸி பிடித்தேன். வழியெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் ரெயின்கோட்டைக் கழற்றவில்லை என்பது உறைத்தது.

மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகம் மாமா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "வாங்க நிருபரே. இங்கே மழை பலமோ?"

மன்னிப்புக் கேட்டேன். காலில் விழவும் குனிந்தேன். (ரெயின்கோட் மடங்கவில்லை.)

"மன்னிப்பெல்லாம் வேணாம். ஊரே பார்க்க 'வராதே'ன்னே. ஊரே பார்க்க 'வாங்க'ன்னு சொல்லு. அதே பக்கத்துல. ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி."

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அக்கா நகையைக் கழற்றிவிடுவாள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மாப்பிள்ளை கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நேரலையைத் திறந்தேன். "ஆறுமுகம் மாமா வாங்க... காமாட்சி அத்தை வாங்க... முருகேசன் சித்தப்பா வாங்க..." தமிழில், ஒவ்வொரு பெயருக்கும் தலை குனிந்து, பெயர் பெயராக.

பார்த்துக்கொண்டிருந்த பர்மியர்களுக்கு என்ன புரியும்? புயல் நேரம், தலை குனியும் நிருபர், வரிசையாகப் பெயர்கள். கருத்துப் பெட்டியில் கும்பிடு கும்பிடாகக் குவிந்தது. 'ஐயோ, ஒரே குடும்பமா?' என்று ஒரு அம்மாள் அழுதிருந்தார்.

கோ ஜோ கூப்பிட்டார். "பிரமாதம்! காணாமப் போனவங்க வயசையும் சொல்லு!"

"யாரும் காணாமப் போகல, கோ ஜோ. விருந்துக்குக் கூப்பிடுறேன்."

"நாளையிலேருந்து வராதே" என்றார்.

மாலையில் அத்தனை பேரும் வந்தார்கள். அக்கா நகையோடு மணையில் உட்கார்ந்தாள். புயல் வேறெங்கோ போய்விட்டிருந்தது.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷம் என்றால், "நிருபர் பேர் சொல்லிக் கூப்பிட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆறுமுகம் மாமா கிளம்புவார். எவ்வளவு வெயிலானாலும் நான் அங்கே விட்டுவந்த மஞ்சள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டுதான் வந்து இறங்குவார். கெட்டுப்போன மதியச் சாப்பாடு, மறுபடி சமைத்த ராத்திரிச் சாப்பாடு, டாக்ஸி, அந்த ரெயின்கோட்டுக்காக என் சம்பளத்தில் பிடித்தது, எல்லாம் சேர்த்து அன்றைய நஷ்டம் ஐந்து லட்சத்து இருபதாயிரம் பர்மிய கியாட்.