ஒரு குழாய் எச்சில்

இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. மாரியம்மன் சன்னிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவும் தயார். இதற்கு முன் நான் அணைத்த சூடங்களைப் பற்றி யாரும் பேசவேண்டாம். அவை வேறு விஷயம்.

சோமனூரில் தறி ஓட்டும் காளிச்சாமி, மகள் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது அந்த போன் வந்தது. கூப்பிட்டவள் கல்யாணப் பெண் மானசாவே. கோவையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அப்பா ரத்தக்கொதிப்புக்காரர் என்பதால், பக்கவாதம் வரும் ஆபத்து அவருக்கு எவ்வளவு என்று மரபணுச் சோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தாள். காளிச்சாமியும் அவள் கொடுத்த குழாயில் எச்சிலைத் துப்பிக் கோவைக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்.

“அப்பா, ரிசல்ட் வந்துருச்சுங்க. பக்கவாத ஆபத்தக் கூட்டுற மரபணு மாற்றம் உங்களுக்கு இருக்குதாமா. உங்கம்மா வழியில, இல்லாட்டி அப்பா வழியில வந்திருக்கும். ஆனா…”

‘ஆனா’வுக்குப் பின்னால் வருவதைக் கேட்கும் பழக்கம் காளிச்சாமிக்கு எப்போதும் இருந்ததில்லை. போனை வைத்துவிட்டார்.

“புவனா! இது எங்கம்மா ஊட்டு வழியில வந்த சீக்குதான். எங்க தாய்மாமனுக்கு வாய் ஒரு பக்கமாவே இழுத்துட்டு இருக்குமல்ல!”

“ஏனுங்க, உங்க தாய்மாமன்தானுங்க எங்கப்பன். அவரு சிரிச்சாலே அப்படித்தான் இருக்கும்.”

காளிச்சாமி கட்டியிருந்தது சொந்த மாமன் மகளை. அம்மா வீட்டைக் குறை சொன்னால் அது பெண்டாட்டி வீட்டில் போய் விழும் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அதற்குள் புவனா போனில் சொல்லிவிட, பவானியிலிருந்து அவள் தம்பி தம்பிதுரை லைனில் வந்துவிட்டார்.

“ஏனுங் மாமா, பொண்ணுக் குடுத்தது நாங்க. சீக்கும் நாங்கதான் குடுத்தமா?”

“இல்ல மாப்பள, நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். மானசாவுக்குப் பட்டம் கட்டறதுக்கு வேற தாய்மாமனப் பாத்துக்கங்க!”

தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் தங்கத் தகட்டுப் பட்டம் கட்டாமல் அந்த வீட்டில் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை. புவனாவுக்குக் கூடப்பிறந்தவர் தம்பிதுரை ஒருவர்தான். மானசாவின் கல்யாணம் அந்தரத்தில் தொங்கியது.

உடனே திரும்பக் கூப்பிட்டார்.

“மாப்பள, நல்லா யோசிச்சுப் பாத்தேன். இது எங்கப்பன் வழியில வந்ததேதான். உங்கூட்டு ரத்தம் சுத்தத் தங்கம்!”

“அப்படிச் சொல்லுங்க” என்ற தம்பிதுரை, நல்ல செய்தி நாலு பேருக்குத் தெரியட்டும் என்று காளிச்சாமியின் அக்கா சுப்பாத்தாளுக்கும் சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்குப் பல்லடத்தில் கோழிப்பண்ணை. மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்.

“ஏண்டா காளி! எம்பையனுக்கு இப்பத்தான் ஒரு சாதகம் பொருந்தி வந்திருக்குது. நம்ம ஊட்டு ரத்தத்துலயே வாதம் ஓடுதுன்னு ஊரெல்லாம் தண்டோராப் போட்டா எவன்டா பொண்ணுக் குடுப்பான்?”

சுப்பாத்தாள் போட்ட சத்தத்தில் பண்ணையிலிருந்த கோழிகள் அன்று முட்டையிடவில்லை. போனின் இந்த முனையில் காளிச்சாமியின் தறிகள் தாமாகவே நின்றன. மின்தடை என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

“எனக்குத் தம்பியே பொறக்கலைன்னு நெனச்சுக்கறேன். கல்யாணத்துக்கு என்னை எதிர்பாக்காத!”

ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் உடைகிறதே என்று காளிச்சாமி ராஜதந்திரமாக ஒரு காரியம் செய்தார். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் தன் குரலிலேயே பதிவு செய்து போட்டார்: “எல்லாருக்கும் வணக்கமுங்க. விசாரிச்சுப் பாத்ததுல, இந்தச் சீக்கு ரெண்டு பக்கமும் சரிபாதியா வந்திருக்குதுங்க. யாரும் வருத்தப்பட வேண்டாமுங்க.”

அதுவரை ஆளுக்கொரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்த தம்பிதுரையும் சுப்பாத்தாளும் அக்கணமே ஒன்றுசேர்ந்தார்கள். இருவரும் வரமாட்டோம் என்றார்கள். நிலத்தில் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த பங்காளி ஒருவர், “எனக்கும் காளிச்சாமிக்கும் எந்த ரத்த சம்பந்தமும் இல்லை” என்று குழுவிலேயே எழுதிப்போட்டார். அந்த வழக்கு அன்றோடு தீர்ந்தது. நடந்தவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான்.

கடைசியில் புவனாதான் வழி சொன்னாள். “நீங்க வாயே தொறக்காதீங்க. எங்க தம்பியையும் உங்கக்காளையும் கூட்டிட்டு டாக்டர்கிட்டப் போலாம். யார் ஊட்டு வழியில வந்ததுன்னு அவங்களே சொல்லட்டும்.”

கெஞ்சிக் கூத்தாடி இருவரையும் காரில் ஏற்றினார்கள். தறிகுடோன் மேஸ்திரி பிரான்சிஸ் ஓட்டினார். கோவை போய்ச் சேரும்வரை இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

டாக்டர் ரிஃபானா ரிசல்ட்டை முழுக்கப் படித்தார்.

“பக்கவாதத்துக்குன்னு பெரும்பாலும் ஒரே ஒரு மரபணு இருக்கறதில்லைங்க. சின்னச் சின்ன மாற்றங்கள் நூத்துக்கணக்குல இருக்குது. சிலது ஆபத்தக் கூட்டும், சிலது குறைக்கும். எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுத்தான் சொல்லணும்.”

“கழிச்சா என்னங்க வருது?” என்றார் தம்பிதுரை.

“கூட்டுறது கொஞ்சம்தான். குறைக்கறதுதான் ஜாஸ்தி. பரம்பரையா வர்ற ஆபத்து இவருக்கு மத்தவங்களவிடக் கம்மிங்க. அருமையான மரபணு!”



“எங்கப்பன் ரத்தமுங்க அது!” என்று நாற்காலியை விட்டு எழுந்தார் சுப்பாத்தாள்.

“அதெப்படி அத்தாச்சி? எங்க அத்தை வவுத்துல பொறந்ததாலதான மாமாவுக்கு இது வந்துது!”

“மலையாட்டம் இருந்தவரு எங்கப்பன்!”

“எங்கூட்டு ரத்தத்துக்கு அடுத்தவன் பங்குக்கு வர்றதாவது!”

“சண்ட வேண்டாமுங்க, பாதி அங்க, பாதி இங்க” என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு காளிச்சாமியின் பிரஷரைப் பார்த்து முகம் சுளித்தார்.

“மரபணுவ மட்டும் நம்பி இருக்கக் கூடாதுங்க. பிரஷர் ரொம்ப ஏறியிருக்குது. மாத்திரைய நிறுத்தக் கூடாது. உப்பக் குறைக்கணும். வெத்தல, புகையிலைய இன்னைக்கே விட்டுப்போடணும்.”

காளிச்சாமி தலையாட்டினார். அவர் காது ‘அருமையான மரபணு’வோடு மூடிக்கொண்டுவிட்டது.

திரும்பும்போது கார் கல்யாண வீடாகவே மாறிவிட்டது. பட்டத்தை இரட்டைப் பவுனில் அடிப்பதாகத் தம்பிதுரை அறிவித்தார். மகன் சாதகத்தோடு இந்த ரிசல்ட்டையும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடலாம் என்றார் சுப்பாத்தாள். காளிச்சாமி வெற்றிலையை மடித்து வாயில் திணித்துக்கொண்டு, மாத்திரை அட்டையை முன்சீட்டில் எறிந்தார்.

“பிரான்சிசு, இதைத் தூக்கி ரோட்டுல வீசு. நம்ம பரம்பரை ரத்தத்துக்கு மாத்திரை எதுக்கு!”

பிரான்சிஸ் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்கண்ணா, மாத்திரையப் போட்டுக்கங்க. அன்னைக்கு நீங்க குடுத்துவுட்ட குழாயில பூராம் வெத்தலச் சாறா இருக்குதுன்னு லேப்புல வாங்கமாட்டேன்னுட்டாங்க; உங்கள எதுக்கு மறுக்காத் தொந்தரவு பண்றதுன்னு, வேற குழாய் வாங்கி நானே துப்பிக் குடுத்துப்போட்டனுங்க.”