இறக்கினது யார், ஏத்தினது யார்

ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துப் பவர் சொல்கிற கண்ணாடிக் கடைக்காரருக்கே ஒரு நாள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது. இன்டர்நெட் கம்பெனியிலிருந்து கடைக்குப் போன் வந்தது.

"சார், உங்க வீட்டு கனெக்‌ஷன்ல ஒரு புதுப் படத்தை அனுமதி இல்லாம இறக்கியிருக்காங்க."

"எங்க இறக்கினாங்க? வாசல்ல ஒண்ணும் இல்லையே."

"டவுன்லோடு சார். கூடவே ஏத்தியும் இருக்காங்க."

"ஏத்தினாங்களா, இறக்கினாங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும்தான். படத்துக்காரங்க புகார் கொடுத்திருக்காங்க. இன்னொரு தடவை நடந்தா கேஸ்தானாம். கனெக்‌ஷன் உங்க பேர்ல இருக்கு. யார் செஞ்சாலும் முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க."

அவர் போனை வைத்தார். கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாருடைய பிள்ளைகளுக்கோ பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நம்ம வைஃபை பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"மாடி வீட்டு வக்கீலம்மாவுக்கு. எதிர் வீட்டுப் பல் டாக்டருக்கு. கீழ் வீட்டுத் தையல்காரருக்கு."

"எதுக்குக் கொடுத்தே?"

"நீங்கதானே கொடுத்தீங்க. வைஃபைதானே, அள்ளினா குறையுமான்னு வேற கேட்டீங்க."

கேட்டது உண்மைதான். அப்போது பெருமையாக இருந்தது. இப்போது அவர் ஒரு சபதம் எடுத்தார்: திருடனைப் பிடிக்காமல் சாப்பிடப் போவதில்லை.

முதலில் பல் டாக்டரிடம் போனார். விசாரிக்க வாயைத் திறந்தவர், கடைவாயில் ஒரு சொத்தை இருப்பதாகத் தெரிந்துகொண்டு வெளியே வந்தார். தையல்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தப் படம்?" என்றார். அதுதான் இவருக்கே தெரியாதே. கடைசியில் மாடி ஏறினார்.

"அடுத்தவன் செஞ்ச தப்புக்கு நான் உள்ளே போகணுமாம்மா?"

"உடனே உள்ளே எல்லாம் போக வேண்டாம்" என்றார் வக்கீலம்மா. "நீங்க செய்யலைன்னா செய்யலைன்னு சொல்லலாம். ஆனா கேள்வி உங்ககிட்டதான் வரும். ஊருக்கே பாஸ்வேர்டைக் கொடுத்தா, ஏன் கொடுத்தீங்கன்னும் கேப்பாங்க. படத்தோட பேர் என்ன?"

கண்ணாடிக் கடைக்காரர் அங்கிருந்தே கம்பெனிக்குப் போன் போட்டார். படம் 'பனிமலைப் பழிக்குப் பழி'. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கியிருக்கிறது.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"அதை நான் பார்த்தேன்" என்றார் மெதுவாக. "ஓசி ஆப்ல. பார்க்கத்தானே செஞ்சேன்?"

"அந்த மாதிரி ஆப்ல நீங்க பார்க்கப் பார்க்க, உங்ககிட்டேருந்து மத்தவங்களுக்கும் படம் போய்க்கிட்டே இருக்கும்."

"நான் சோபாவுல படுத்துத்தான்மா இருந்தேன்."

"படுத்துக்கிட்டேதான் ஏத்தியிருக்கீங்க."

மாடிப்படி இறங்குவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தார். மனைவிக்கு இது தெரியக் கூடாது. தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"விசாரிச்சுட்டேன். யாரோ வெளி ஆள் செஞ்ச வேலை. உடனே பாஸ்வேர்டை மாத்தணும்."

"மாத்தியாச்சு."

பாரம் இறங்கினது போல இருந்தது அவருக்கு. சாப்பிட உட்கார்ந்தார். சாதத்தைப் பரிமாறிக்கொண்டே அவள் சொன்னாள், "காலையில முதல்ல இங்கதான் போன் பண்ணாங்க. உங்க கடை நம்பரைக் கொடுத்து, அவர்கிட்டயே பேசுங்கன்னேன்."

"ஏன்?"

"ஹெட்போனை மாட்டிக்கிட்டுப் படம் பார்த்தா சத்தம் உங்களுக்கு மட்டும்தான். திரை எல்லாருக்கும் தெரியும்."

அவர் சாதத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

"சரி, புது பாஸ்வேர்டு என்ன?"

"அது நம்பிக்கையானவங்களுக்கு மட்டும்தான்" என்றாள் அவள். "மூணு வீட்டுக்கும் சொல்லிட்டேன்."