கூரையில் நின்ற மண்டாடியார்

ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க முடியாதவர்களுக்கு என்று இலங்கையில் ஒரு போட்டி வைத்தால், முதற் பரிசு செட்டிபாளையம் மண்டாடியாருக்குத்தான். ஆனால் பரிசை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும். பரிசளிப்பு முடியும்வரை மனிதர் கதிரையில் இருக்கமாட்டார்.

அவருக்கு வேறு பெயர் இல்லாமலில்லை. அவருடைய போன் சிம்மைப் பதிந்துகொடுத்ததே நான்தான். அன்று அடையாள அட்டையில் பார்த்த பெயர் எனக்கும் மறந்துவிட்டது, அவருக்கும் அவ்வளவு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. கரைவலையில் அவர் மண்டாடி, ஆகவே ஊருக்கும் மண்டாடியார்.

கரைவலை பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. தோணியில் போய் வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஆட்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து இழுப்பார்கள். கயிற்றைத் தொடாத ஒரே ஆள் மண்டாடி. அவர் கரையில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார், மீன் திரண்ட இடத்தைத் துணியை வீசிக் காட்டுவார், எந்தக் கயிற்றை இறுக்குவது எதைத் தளர்த்துவது என்று தொண்டை கிழியக் கத்துவார். மாரி பிறந்து கடல் குழம்பினால் வலை கரையோரக் கொட்டிலான வாடிக்குள் போய்விடும். தோணி கரையேறிவிடும். மண்டாடியாருக்கு மட்டும் போவதற்கு இடமில்லை.

அப்போது நான் கடற்கரை வீதியில் ஒரு போன் கடை வைத்திருந்தேன். ரிப்பேர், போனுக்குக் காசேற்றும் ரீலோட், கண்ணாடி ஒட்டுதல், எல்லாம். அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் மண்டாடியாரின் மனைவி குடையும் கணவருமாக வந்து நின்றார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இவர இஞ்ச கொஞ்சம் வைச்சிருங்க. அடுப்ப இடம் மாத்திட்டார், கட்டில இடம் மாத்திட்டார், இனி என்னையும் மாத்திப்போடுவார் போல இரிக்கி."

ரிப்பேருக்குப் போனை விட்டுப் போவதுபோல அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார். எப்போது வந்து எடுப்பார் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

மனிதர் வாசலுக்குப் போனார், வானத்தைப் பார்த்தார், வந்தார். கண்ணாடி அலுமாரியை ஒரு சாண் நகர்த்தினார். மறுபடி வாசலுக்குப் போனார். ஒரு பெண் தன் போனை வாங்க வந்தபோது, அதை அவரே எடுத்து மஞ்சள் துணியால் துடைத்துக் கொடுத்தார். அது வேறு யாருடையதோ போன். எனக்குத் தலை சுற்றியது. இவரை எப்படியாவது இருத்தவேண்டும் என்று, நான் விளையாடிக்கொண்டிருந்த கேமை இன்னொரு போனில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய ரிப்பேர் வேலை அதுதான்.

அது ஒரு வீரர் விளையாட்டு. எட்டுப் பேர் ஓர் அணி. ஆளுக்கொரு அபூர்வ சக்தி, ஒரு பெரிய நகரம், அதை நாசமாக்க வாரம் தவறாமல் வரும் அரக்கர்கள். எங்கள் எட்டாவது ஆள் கலியாணம் முடித்து விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். இடம் காலியாக இருந்தது.

எனக்கு அந்த விளையாட்டில் ஒரே ஓர் ஆசை, வெள்ளிச் சிறகு. பருவத்தின் கடைசிச் சண்டையில் வென்றால் அணியிலுள்ள எட்டுப் பேருக்கும் அது கிடைக்கும். விளையாட்டுக்குள் இருக்கும் கடையிலும் வாங்கலாம், ஆனால் விலையைப் பார்த்தால் அதற்கு ஒரு வயலையே வாங்கிவிடலாம் போலிருக்கும். சிறகுள்ளவர்களெல்லாம் பறந்து போக, என் வீரன் பஸ்ஸைத் தவறவிட்டவனைப் போலத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். நான் போய்ச் சேரும்போது சண்டை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருப்பார்கள். கடை வாடகை, வீட்டில் பெண் பார்க்கும் படலம் என்று எனக்கு வேறு கவலைகளும் இருந்தன. ஆனாலும் விடிந்தால் சிறகு, பொழுதுபட்டால் சிறகு.

மண்டாடியார் சேர்ந்த முதல் நாளே, நகரத்திலுள்ள மிக உயர்ந்த கட்டடத்தின் கூரையில் ஏறி நின்றுவிட்டார். கீழே அரக்கன் பஸ்களைத் தூக்கி எறிந்துகொண்டிருக்கிறான்.

"இறங்கி வாங்க மண்டாடியார், அடிங்க!"

"நான் அடிக்கிறதோ? மேல நிண்டு பாத்தாத்தான் மனே ஓட்டம் தெரியும். நீங்க அடியுங்க. தெக்கால போகாத, தெக்கால போகாத, வடக்க கிறுகு!"

இளையவர்கள் எல்லோரும் அவருக்கு மனே, அதாவது மகன். விளையாட்டில் தெற்கு எது வடக்கு எது என்று அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் கடல் எப்போதும் கிழக்கு. ஆகவே அந்த நகரத்திலும் கடல் இருந்த பக்கம் கிழக்காகிவிட்டது. அங்கே சூரியன் பிழையான பக்கத்தில் உதிக்கிறது என்று கடைசிவரை அவருக்கு ஒரு முறைப்பாடு இருந்தது. அதை யாரிடம் சொல்லவேண்டும் என்று அடிக்கடி என்னிடம் விசாரிப்பார்.

ஒரு கையில் போன், மறு கையில் என் மஞ்சள் துணி. கடைக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்தபடி துணியை வீசுவார். ரீலோட் போட வந்தவர்கள் முகத்தில் அடி வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். அவர் போனில் கத்திய பக்கம் போனால் அரக்கன் அங்கேதான் வருவான்.

விளையாட்டில் மூன்று வகைக் காசு. சும்மா அடித்தால் நாணயம், அணியாகச் சேர்ந்து அடித்தால் நட்சத்திரம், எப்போதாவது அபூர்வமாக மணிக்கல். மணிக்கல்லைச் சொந்தக் காசு கொடுத்தும் வாங்கலாம். மண்டாடியாருக்கு இந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. எல்லாவற்றையும் மீனாக்கிவிட்டார்: நாணயம் நெத்தலியாயிற்று, நட்சத்திரம் கீரிமீனாயிற்று, மணிக்கல் பாரை. "இண்டைக்கு எத்தின பாரை பட்டிச்சி?" என்று அவர் கேட்க, மழைக்கு ஒதுங்கியவர்கள் மீன் வந்திருக்கிறதாக்கும் என்று கடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

நாங்கள் மணிக்கல் கிடைத்த கையோடு அதிர்ஷ்டப் பெட்டி வாங்கிவிடுவோம். உள்ளே நல்ல கவசமும் இருக்கலாம், ஒன்றுக்கும் உதவாத தொப்பியும் இருக்கலாம். என்னிடம் தொப்பிகள் நிறைய இருந்தன. மண்டாடியார் ஒரு பெட்டியும் வாங்கவில்லை.

"மூடின பெட்டிக்குப் பாரையக் குடுக்கிறதா? செவுளத் தூக்கிப் பாக்காம மீன் வாங்கிற ஆள நான் காணல்ல. ஒருக்காத் திறந்து காட்டச் சொல்லு, மறுகா யோசிப்பம்."

எங்கள் தலைவர் ரூபன், களுவாஞ்சிக்குடியில் வங்கி உத்தியோகம், கடன் பிரிவு. விளையாட்டிலும் அவர் கடன் பிரிவுதான். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு அடித்தார் என்று பார்ப்பார். மண்டாடியார் பூச்சியம். இன்னொருவரும் பூச்சியம். அவர் கதிரவெளிக்காரர், நாங்கள் நேரில் கண்டதேயில்லை. அங்கே சிக்னல் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சண்டை தொடங்கும்போது ஓடிவருவார், பாதி வழியில் சிக்னல் போய்விடும், தூக்கிய காலோடு அப்படியே நிற்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சிலை.

கடைசிச் சண்டைக்கு முதல் வாரம் ரூபன் அழைப்பெடுத்தார். நான் போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன்.

"மண்டாடியார், குறை நினைக்காதீங்க. நீங்களும் அடிக்கிறல்ல, சிலையும் அடிக்கிறல்ல. பரிசு மட்டும் எட்டுப் பேருக்கும் போகுது. கொழும்பில ரெண்டு பேர் இரிக்காங்க, பேய் அடி அடிப்பாங்க. இந்த ஒரு சண்டைக்கு மட்டும்..."

"தம்பி, நில்லுங்க. வலை இழுக்கக்குள்ள ஆரு எவ்வளவு இழுத்தான் எண்டு கயித்தில தராசு கட்டியா பாக்கிற?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? றோட்டால போறவன் வந்து கயித்தில கை வைச்சாலும் கறிக்கு நாலு மீன் குடுத்துத்தான் அனுப்புவம். வெறுங்கையோட ஆரும் கரைய விட்டுப் போகப்படாது. அந்தக் கதிரவெளிப் பொடியன் ஒவ்வொரு நாளும் வந்து கை வைக்கிறான். சிக்னல் போனா அவன் என்ன செய்வான்? அவனத் தூக்கினா நானும் போறன்."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். ரூபன் என்னிடம், "மச்சான், நீ என்ன சொல்ற?" என்றார். எனக்குச் சிறகு வேண்டும். அதற்கு மேல் எனக்கு அபிப்பிராயம் ஒன்றும் இருக்கவில்லை. கொழும்புக்காரரைக் கூப்பிடுங்கள் என்றேன், கொஞ்சம் சத்தம் குறைத்து.

கூப்பிட்டார். அவர்கள் முன்பணமாக மணிக்கல் கேட்டார்கள். பிணை இல்லாமல் முன்பணமா? ரூபனின் உத்தியோக இரத்தம் கொதித்துவிட்டது. ஆகவே பழைய எட்டுப் பேரோடுதான் சண்டை என்று முடிவாயிற்று.

மழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரூபன் பூசை முடிந்து வந்ததும் தொடங்கினோம். வந்தது இரும்பு அரக்கன், பாலத்தைவிட உயரம். மண்டாடியார் கூரையில். சிலை ஓடிவந்தார், பாலத்தின் வாயில் சிக்னல் போனது, தூக்கிய காலோடு நின்றார். அரக்கன் அவருக்கு ஓங்கி ஒரு குத்து விட்டான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு குத்து. ஆள் இணைப்பில் இல்லையென்றால் அடி ஏறாது என்பது எங்களுக்கே அன்றுதான் தெரியும். அரக்கனுக்கு அதுவும் தெரியாது. விடாமல் குத்திக்கொண்டு நின்றான்.

"மனே, அது அவனில கட்டுப்பட்டு நிக்கிது!" மண்டாடியார் துள்ளினார். "ரெண்டு பக்கத்தாலயும் வாங்க! வடக்கால இறுக்கு! தெக்கால கொஞ்சம் விடு, விடு... இப்ப இழு!"

அடித்தோம். அப்படி ஒருநாளும் அடித்ததில்லை. அரக்கனின் உயிர்க்கோடு தேய்ந்து ஒரு நகத்தளவுக்கு வந்துவிட்டது. என் முதுகில் சிறகு முளைப்பது எனக்கே தெரிந்தது.

"கீரி!" என்றார் மண்டாடியார்.

நட்சத்திரம் கிடைத்துவிட்டதாக்கும் என்று நான் திரையைப் பார்த்தேன். ஒன்றையும் காணவில்லை. நிமிர்ந்தால், மனிதர் வாசலில் நின்று உண்மையான கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அலைக்கு அப்பால் தண்ணீர் ஓரிடத்தில் கறுத்திருந்தது. போன் மேசையில் கிடந்தது. மஞ்சள் துணியை வீசிக்கொண்டு அவர் வாடிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.

பரவாயில்லை, இன்னும் இரண்டு அடிதான் என்று பல்லைக் கடித்தேன். அந்த நேரம் பார்த்துக் கதிரவெளிக்குச் சிக்னல் வந்தது. சிலை தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

"ஹலோ, துவங்கிட்டா?" என்றார்.

அவர் அன்று பேசியது அவ்வளவுதான். அடுத்த குத்தில் ஆள் போய்விட்டார். பிடி விடுபட்ட அரக்கன் எங்கள் பக்கம் திரும்பினான். கூரையில் நின்று கத்த ஆளில்லை. எவன் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டு எல்லோரும் செத்தோம். ரூபன் போனில், "அங்கயே நில்லு மச்சான், இந்தா வாறன், அந்த மனிசன ரெண்டு கேள்வி கேக்கணும்" என்று மோட்டார்சைக்கிளை உதைத்தார்.

எனக்குக் கேட்க இரண்டு கேள்விக்கு மேலேயே இருந்தது. வந்து நின்றவர்களை அனுப்பிக் கடையைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, தோணி வளைத்துவிட்டு வந்து இழுவை நடந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைக் கண்டுவிட்டார்.

"பாத்துக்கொண்டு நிக்கிறயா? பிடி மனே, கெதியா!"

கயிறு எப்படி என் கைக்குள் வந்தது என்று தெரியாது. இழுத்தேன். ஒவ்வொரு இழுவைக்கும் மனதுக்குள் ஒரு திட்டு. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டுத் திரும்பினேன். ரூபன். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் இன்னும் ஹெல்மெற். அவரும் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்க வந்த கேள்விகளும் ஹெல்மெற்றுக்குள்ளேயே இருந்துவிட்டன.

வலை நிறையக் கீரி. மண்டாடியார் பங்கு பிரித்து முடிந்து, எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பை நீட்டினார். பிறகு மூன்றாவது பையைக் கட்டத் தொடங்கினார்.

"இது ஆருக்கு?" என்றார் ரூபன்.

"கதிரவெளிப் பொடியனுக்கு. அங்கால போற வாகரை பஸ்ஸில குடுத்து விட்டாப் போகும்தானே."

"மண்டாடியார், கதிரவெளியில கடல் இல்லையா? அங்க மீன் இல்லையா?"

"இரிக்கி. இது அவன்ட பங்கு."

ரூபன் வங்கியில் எத்தனையோ பேரை மடக்கியவர். அன்று பையை வாங்கி, வாகரை பஸ்ஸில் ஏற்றிவிடத் தானே மோட்டார்சைக்கிளில் டவுனுக்குப் போனார்.

அதற்கு அடுத்த வருடம் கடையை இன்னொருவருக்கும் அந்தப் போனை மண்டாடியாருக்கும் கொடுத்துவிட்டு நான் கொழும்பில் ஒரு வேலைக்கு வந்துவிட்டேன். கலியாணம் ஆயிற்று. விளையாட்டை மறந்துவிட்டேன், சிறகையும்தான். இரண்டு பருவம் நான் ஓர் அடிகூட அடிக்கவில்லை. போன மாதம் ரூபன் அழைத்தார்.

"மச்சான், உனக்கு ஒரு சாமான் வந்திரிக்கி. கேமத் திறந்து பார்."

"என்ர பேர நீங்க இன்னும் எடுக்கல்லயா?"

"எடுக்கப் போனன். அவன் ஊர விட்டுப் போனவன்தானே, செத்தவன் இல்லயே எண்டு மண்டாடியார் சண்டைக்கு வந்திட்டார்."

திறந்தேன். என் வீரனின் முதுகில் வெள்ளிச் சிறகு. ஒரு பெட்டியும் வாங்காமல், கிடைத்த பாரை அத்தனையையும் சேர்த்துச் சேர்த்து வைத்து, கடையில் அந்த அநியாய விலைக்கு வாங்கியிருக்கிறார். கூடவே ஒரு குரற்செய்தி. எழுதுவதற்கு அவருக்கு எங்கே பொறுமை இருக்கிறது? பின்னால் அலைச் சத்தம், யாரையோ வடக்கே இறுக்கச் சொல்லும் கத்தல், அதற்கு நடுவில் எனக்கு ஒரு வார்த்தை: "கறிக்கு, மனே."

கண் கலங்கிவிட்டது. மனைவி என்ன என்று கேட்டாள். சிறகு முளைத்திருக்கிறது என்றேன். அவள் என் முதுகை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சண்டை போட எனக்கு இப்போதும் நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தரம் திறந்து, பறந்து அந்தக் கூரைக்குப் போகிறேன். அவர் அங்கேதான் நிற்பார். பக்கத்தில் போய் நிற்கிறேன். ஓரிடத்தில் பத்து நிமிடம் இருக்க முடியாத அந்த மனிதர், நான் திரும்பிப் போகும்வரை அசையாமல் நிற்கிறார்.