மாப்பிள்ளை தூங்கிய மதியம்

தூங்கக் கூடாத இடங்கள் என்று உலகத்தில் சில இருக்கின்றன. கல்யாணப் பந்தி, கோர்ட்டு, மாமனார் பேசிக்கொண்டிருக்கும் கூடம். ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போன மனைவி ஐப்பசி வரை திரும்பாமல் இருந்துவிட்டு, ஏன் திரும்பவில்லை என்று கடைசியில் வாயைத் திறந்து சொல்கிற இடம் இவை எல்லாவற்றுக்கும் மேலே. நான் அங்கேதான் தூங்கினேன். சும்மா கண் அசந்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் என் குறட்டைக்கு ஒரு வேன் நிறைய சாட்சி இருக்கிறது.

அப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் வைத்திருந்தேன். தை மாதம் கல்யாணம். ஆடி பிறந்ததும் மாமனார் வந்து செல்வியைக் கீழ்பென்னாத்தூருக்கு அழைத்துப் போனார். புதுப்பெண் ஆடிக்குத் தாய் வீடு போவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆவணி பிறந்தால் வந்துவிடுவாள் என்று நானும் வீட்டுக்குச் சுண்ணாம்பெல்லாம் அடித்து வைத்தேன். ஆவணி போனது, புரட்டாசியும் போனது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. போன் செய்து "என்ன கோவம்னு சொல்லேன்" என்றால் "ஒண்ணுமில்லைங்க" என்பாள். ஊர் உலகத்துக்கெல்லாம் பேச வழி செய்து கொடுத்தவன் நான், என் பெண்டாட்டியிடம் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் வாங்க முடியவில்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவள் இனிமேல் வரவே மாட்டாளோ என்று உண்மையிலேயே பயந்து போயிருந்தேன்.

என் பூத்துக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களில் வசந்தா மேடம் என்று ஒருவர். மெட்ராஸில் மன ஆலோசகராக இருந்துவிட்டு, மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று இங்கே வந்து மாடி வீடு எடுத்துத் தங்கிவிட்டவர். அவர் பேசினால் மின்விசிறி மெதுவாகச் சுற்றுவது மாதிரி இருக்கும். ஒரு நாள் நோட்டீஸ் ஒன்றை நகலெடுக்கக் கொடுத்தார். மன ஆலோசனை, தனிநபருக்கு, தம்பதியருக்கு, குடும்பத்துக்கு என்று போட்டிருந்தது. ஓட்டல் போர்டைப் படிப்பது போல மூன்றையும் படித்தேன்.

"இதுல எது மேடம் சீக்கிரம் வேலை செய்யும்?"

"உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"அதான் மேடம் தெரியல."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப ரெண்டு பேரும் வாங்க. அவங்க பேசட்டும், நீங்க கேளுங்க. அவ்ளோதான் வேலை" என்றார்.

அவ்வளவுதானே என்று நினைத்தேன். (பாருங்கள், அந்த வயசின் திமிரை.)

செல்வி சம்மதித்தாள். அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆனால் அவள் தன் அப்பாவிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். அங்கே ஆரம்பித்தது வினை. புருஷன் பெண்டாட்டி விஷயத்தை மூன்றாம் மனுஷர் முன்னால் பேசப் போகிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், பஞ்சாயத்து. பஞ்சாயத்து என்றால் தாய்மாமன் இல்லாமல் எப்படி? தாய்மாமன் வந்தால் அவர் சம்சாரம்? பெண் வீட்டார் வேன் வைத்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் என் அம்மா, "நான் மட்டும் இங்க ஒக்காந்து என்னா பண்றது, நம்ம பக்கம் பேச ஆள் வேணாமா" என்று ஒரு குண்டான் புளிசோறு கிண்டிவிட்டார்.

நான் வேறு ஒரு காரியம் செய்திருந்தேன். மேடத்தின் வைத்தியத்தை நம்பாமல் இல்லை. இருந்தாலும் சாமிக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைப்போமே என்று, முதல் நாள் பௌர்ணமியாக இருந்ததால், வெறுங்காலோடு கிரிவலம் போனேன். சாப்பிடாமல் போனேன். அடி அண்ணாமலை தாண்டும்போதே கால் என்னுடையதாக இல்லை. வீடு வந்து சேர்ந்தபோது பால்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார்.

மதியம் மேடத்தின் வாசலில் வேன் வந்து நின்றது. இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மேடம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இவங்கள்லாம் யாரு?" என்றார்.

"தம்பதி மேடம்" என்றேன்.

மேடம் பெரிய மனசுக்காரர். பாய்களை விரித்து எல்லோரையும் உட்கார வைத்தார். என் அம்மா முதல் வேலையாகப் புளிசோற்றைப் பரிமாறினார். நான் ஒரு நாள் பட்டினியை அங்கேயே தீர்த்துக்கொண்டேன். மாமனார் முகத்தை இறுக்கி வைத்திருந்தார். தாய்மாமன் ஏழுமலை (ஊரில் ஒரு ரகசியம் பரவ வேண்டுமானால் அவரிடம் சொன்னால் போதும்) தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு பஞ்சாயத்துக்குத் தயாராக இருந்தார். செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே மழை தூறியது. ஜன்னலில் மலை பாதிதான் தெரிந்தது, மீதியை மேகம் மூடியிருந்தது. எங்கிருந்தோ சாம்பிராணி வாசம் வந்தது. மேடம் சொன்னார், "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. மூச்சு உள்ள போறதையும் வெளிய வர்றதையும் மட்டும் கவனிங்க. உங்களுக்குப் பயமே இல்லாத ஒரு எடத்துக்கு மனசால போங்க."

போனேன். எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்த இடம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மலை சுற்றும் பாதைதான், ஆனால் ஆளே இல்லை. நிலா வெளிச்சத்தில் புளிய மரங்கள் தண்ணீருக்குள் நிற்பது போல அசைந்தன. செல்வி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடந்தாள், நின்றால் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் ஏதோ பேசிக்கொண்டே போனாள். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. குரல் மட்டும் மழை மாதிரி என் மேல் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் ஒரு வார்த்தைக்கு ஏங்கியவனுக்கு அது போதுமாக இருந்தது. "ம்ம், ம்ம்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன். அத்தனை நிம்மதியாக நான் அதற்கு முன் நடந்ததில்லை.

கண் விழித்தபோது மழை விட்டிருந்தது, மலை முழுசாகத் தெரிந்தது. அறையில் எல்லோரும் அழுது முடித்திருந்தார்கள். ஏழுமலை மாமா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமனார் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மா, நம்ம பக்கம் பேச வந்த என் அம்மா, செல்வியின் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த பார்வை மட்டும் நன்றாக இல்லை.

பேந்தப் பேந்த விழித்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே. "செல்வி சொன்னதெல்லாம் ரொம்ப சரி மேடம்" என்றேன்.

"எது சரி?" என்றார் மேடம்.

"எல்லாமே."

அறையே சிரித்தது. அழுத கண்ணோடு செல்வியும் சிரித்தாள். என் மானம் அந்த மாடியிலிருந்து கப்பலேறிப் போனது. பிறகுதான் தெரிந்தது, நான் தூக்கத்திலேயே "ம்ம்" கொட்டியதைப் பார்த்து முதலில் எல்லோரும் கேட்கிறான் என்று நம்பியிருக்கிறார்கள். குறட்டை வந்த பிறகு அம்மா என்னை உலுக்கப் போக, செல்விதான் தடுத்திருக்கிறாள். "எழுப்பாதீங்க அத்தை. அவரு தூங்கட்டும். முழிச்சிருந்தா எனக்கு வாய் வராது."

மேடம் கடைசியாக ஒன்று சொன்னார். "இங்க பேசினது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. எல்லாரும் எனக்கு வாக்குக் குடுங்க." எல்லோரும் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன், எனக்கு ஒன்றும் தெரியாமலே.

செல்வி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "நான் வீட்டுக்கு வரேன்" என்றாள். "என்னான்னு அவரே கண்டுபிடிக்கட்டும்." அதே வேனில் கூட்டி வந்தோம். என்னை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பின்னால் வழியெல்லாம் சிரிப்புச் சத்தம்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் துப்பறியும் வாழ்க்கை. ஏழுமலை மாமாவுக்குக் கறிக்குழம்பு வாங்கிக் கொடுத்து வாயைக் கிண்டினேன். எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "மேடத்துக்கு வாக்குக் குடுத்துட்டேன் மாப்ள" என்றார். ஊர் ரகசியம் ஒன்றையும் தங்கவிடாத மனுஷர், போய்ச் சேரும்வரை இதை மட்டும் காப்பாற்றினார். அம்மாவிடம் கேட்டால், "கேக்க வேண்டிய நேரத்துல கொர்ருனு தூங்கிட்டு" என்று ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். ஆனால் அம்மா மாறியிருந்தார். செல்வி சாப்பிடாமல் அவர் சாப்பிடுவதில்லை. அதை ஒரு தடயமாக வைத்துக்கொண்டு நானும் அவளோடு சேர்ந்து சாப்பிடப் பழகினேன்.

"இதானா செல்வி?"

"இது இல்லைங்க. ஆனா இதுவும்தான்."

ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதை விட்டேன். இதுவும்தான். சம்பந்தம் பேசியபோது அவளை டீச்சர் டிரெயினிங் அனுப்புகிறேன் என்று நான் சொன்னது ஞாபகம் வந்து, விண்ணப்பம் வாங்கி வந்தேன். அதை முழுசாகப் படித்துப் பார்த்தாள். இதுவும்தான் என்றாள், குரல் ஒரு மாதிரி இருந்தது. பூத்தில் யார் யாருக்கு என்ன பேசினார்கள் என்று ராத்திரி நான் அளப்பதை நிறுத்திவிட்டு, "உனக்கு இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்க ஆரம்பித்தேன். அதற்கும் அதே பதில்தான். ஒரு பெண்ணுக்கு இத்தனை குறையா என்று முதலில் மலைப்பாக இருந்தது, பிறகு அதுவே பழகிவிட்டது.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. யாருக்காவது மனசில் ஒன்று உறுத்தினால், எல்லோருக்கும் நடுவில் போட்டு உடைக்கும் முன், "மாப்ள தூங்கிட்டாரா பாரு, ஒரு விஷயம் பேசணும்" என்பார்கள். நான் ஊரில் இல்லாவிட்டாலும் சொல்வார்கள்.

போன பௌர்ணமி சாயங்காலம் மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் படுத்திருந்தேன். கீழே கிரிவலக் கூட்டம் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மலைக்குப் பக்கத்தில் நிலா எழும்பிக்கொண்டிருந்தது. செல்வி பள்ளிக்கூடத்துப் பேப்பர் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் தலை நரைத்துவிட்டது, இனிமேலாவது சொல்லலாமே என்று கேட்டேன்.

"எது?"

"அன்னிக்கு நீ மேடம் வீட்ல சொன்னது."

யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள். "மறந்து போச்சுங்க" என்றாள். "அது மறந்து ரொம்ப வருஷம் ஆச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல? நான் பாட்டுக்கு இன்னமும் தேடிட்டு இருக்கேன்."

"சொன்னா நிறுத்திடுவீங்களே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருத்த ஆரம்பித்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். காலேஜில் படிக்கும் எங்கள் பெண் படியேறி வரும் சத்தம் கேட்டது. கடைசிப் படியில் நின்றாள். "அம்மா, அப்பா தூங்கிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஒரு விஷயம் பேசணும்."

"தூங்கிட்டாரு, சொல்லு" என்றாள் செல்வி. பேப்பர் கட்டு மறைவில் என் கையை ஒருமுறை அழுத்தினாள்.

நான் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இந்தத் தடவை ஒரு வார்த்தையைக்கூடக் கேட்காமல் விடவில்லை.