காப்பாரில் மினுக்கிய நீலப் புள்ளி

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிதாக ஓர் இனம் பெருகி வருகிறது. புள்ளித் துப்பறிவாளர் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கைப்பேசி காணாமல் போன அடுத்த நிமிடம் இவருக்குப் பசி போய்விடும், தூக்கம் போய்விடும், நாலு பேர் முன்னால் பேசும் பக்குவம் போய்விடும். ஆனால் வேறொரு கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து அதில் ஒரு நீலப் புள்ளி மினுக்குவதைக் கண்டுவிட்டாலோ, சாமியே நேரில் வந்து முகவரி சொன்ன மாதிரி கிளம்பிவிடுவார். புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். 'இதற்குள் எங்கேயோ' என்று அதற்கு அர்த்தம். வட்டம் மட்டும் இவர் கண்ணில் படாது.

பிரிக்பீல்ட்ஸ் கன்னையா இந்த இனத்தில் உயர்ந்த ரகம். நெற்றி நிறையத் திருநீறு, எறும்பைக் கண்டால் சுற்றிப் போகும் மனசு. அவருக்கா இந்த நிலை வரவேண்டும்? முருகா!

சனிக்கிழமை அவர் மகள் ஷாமினிக்கு நிச்சயதார்த்தம். கோயில் மண்டபத்தில் எல்லாம் நல்லபடி நடந்தது. மாப்பிள்ளை யுகேந்திரன் வீட்டார் செமினி ஊர்க்காரர்கள். தட்டில் ஒரு பழம் கறுத்திருந்தாலும் முகம் கறுக்கிறவர்கள். தை மாதக் கல்யாணம் வரைக்கும் ஒரு குறையும் வரக்கூடாதே என்று கன்னையாவின் மனைவி குமுதா விரதம் இருந்தாள். விழா முடிந்ததும் கன்னையா வாசலில் நின்று, வந்த நூற்றுப்பதினான்கு பேருக்கும் தம் கையாலேயே தாம்பூலப் பை கொடுத்தார். எல்லாரும் போன பிறகு சட்டைப்பையைத் தடவினார். கைப்பேசி இல்லை.

"ஐயோ, எவனோ அடிச்சிட்டான்!"

"எங்கயாவது வெச்சிருப்பீங்க" என்றாள் குமுதா.

"வெச்சத மறக்கற ஆளா நானு?"

"போன மாசம் காய்கறி வாங்கப் பாசாருக்குக் கார்ல போயிட்டு, பஸ்ல திரும்பி வந்தது யாரு?"

கன்னையா மகளுடைய கைப்பேசியைப் பிடுங்கி வரைபடத்தைத் திறந்தார். புள்ளி கிள்ளானை அடுத்த காப்பாரில் இருந்தது. அதில் 'ஒலி எழுப்பு' என்று ஒரு பொத்தானும் இருந்தது. திருடன் பயப்படட்டும் என்று சாயங்காலம் முழுக்க அதை அழுத்தினார்.

ஞாயிறு காலையில் போலிஸ் பாலாய்க்குப் போய்ப் புகார் எழுதினார். அங்கிருந்த விமலன் என்ற இளம் போலிஸ்காரர் பொறுமையாகச் சொன்னார்: "அங்கிள், இந்த வட்டத்துல ஆறு வீடு இருக்கு. எந்த வீடுன்னு அந்தப் புள்ளிக்கே தெரியாது. நீங்க அங்க போகாதீங்க, எட்டிப் பாக்காதீங்க, படம் எடுத்துப் போடாதீங்க லா. நாங்க பாத்துக்கறோம்."

கன்னையா பணிவாகத் தலையாட்டினார். அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். ஆறு வீடு!

ஒரு மணி நேரத்தில் காப்பாரில் இருந்தார். எதிர்ப்புறம் காரை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கி, ஆறு வீட்டையும் படம் பிடித்தார். வாசல் செருப்பு, மோட்டார் சைக்கிள் நம்பர், கொடியில் காய்ந்த துணி, சன்னலுக்குள் தெரிந்த மின்விசிறி, ஒன்றையும் விடவில்லை. நல்லவன் வீட்டில் எதற்கு மூன்று ஹெல்மெட்? நான்காவது வீட்டில்தான் சந்தேகம் வலுத்தது. காலையிலேயே அங்கே இருபது பேர் கூடியிருந்தார்கள். கும்பல்!

பொத்தானை அழுத்தினார். அந்த வீட்டுக்குள்ளிருந்து, "வேல் வேல்! வெற்றி வேல்!" என்று அவருடைய குரலே கேட்டது. பத்துமலையில் தைப்பூசத்தன்று தாமே கத்திப் பதிவு செய்து, அழைப்பொலியாக வைத்திருந்த குரல். உடனே உள்ளே இருபது தொண்டைகள், "அரோகரா!" என்றன. மறுபடி அழுத்தினார். மறுபடி அரோகரா. கற்பூர வாசனை கார் வரைக்கும் வந்தது.

'என் போனைத் திருடி எனக்கே பூசையா?'

சொந்தபந்தம் எல்லாம் உஷாராக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணத்தில், மகளின் கைப்பேசியிலிருந்தே நிச்சயதார்த்தக் குழுவில் நான்காவது வீட்டுப் படத்தைப் போட்டார். இரு வீட்டாருமாக நூற்றுப்பதினான்கு பேர் உள்ள குழு. 'உஷார்! திருட்டுக் கும்பல் வீடு. பக்தி வேஷம் போடுறாங்க' என்று கீழே எழுதினார்.

இரண்டே நிமிடம். மாப்பிள்ளையின் தகப்பனார் நாகையா பதில் போட்டார்.

'சம்பந்தி, அது எங்க அக்கா வீடு லா.'

கன்னையாவுக்குக் காருக்குள்ளேயே வியர்த்தது. கல்யாணம் கண் முன்னால் கற்பூரமாய்க் கரைந்தது. கதவைத் திறந்து இறங்கினார். அதற்குள் அந்த அக்கா, நல்லம்மாள், கற்பூரத் தட்டோடு வெளியே வந்துவிட்டார். பின்னால் இருபது பேர்.

"வாங்க சம்பந்தி. உள்ள வந்து பாருங்க, எங்க வீட்டுல முருகன் பேசறாரு. நேத்து சாயங்காலத்துலேருந்து."

பூசை மேடையில், சாமி படத்துக்குக் கீழே, பிரிக்காத தாம்பூலப் பை. செவ்வாய்க்கிழமை பூசை முடிந்துதான் பிரிப்பாராம். கன்னையா பிரித்தார். வெற்றிலைக்கும் முறுக்குக்கும் நடுவில் கைப்பேசி. நேற்று வாசலில் இரண்டு கைக்கும் வேலை இருந்தபோது, ஒரு நிமிடத்துக்கு என்று அவரே பைக்குள் போட்டது. அவரே கும்பிட்டுக் கொடுத்தது.

பக்தர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் நைவேத்தியப் பாலைத் தாமே குடித்துவிட்டார்.

அதற்குள் நல்லம்மாளின் கைப்பேசிக்கும் படம் வந்து சேர்ந்தது. பார்த்தார். முகம் மாறியது.

"அக்கா, மன்னிச்சிடுங்க. அழிச்சிட்டேன்."

"எங்க அழிச்சீங்க? என் கிழிஞ்ச பாவாடய ஏன் வாசல்ல காயப்போட்டேன்னு டெங்கில்லேருந்து என் நாத்தனாரு கேக்கறா!"

"கல்யாணத்த மட்டும்..."

"கல்யாணம் நடக்கும். உங்க வீட்டுக் கொடியையும் ஒரு படம் எடுத்து அதே குரூப்புல போடுங்க. சரிக்குச் சரி ஆயிடும்."

கன்னையா பதறிப் போனார். "அது எப்படிக்கா? அது எங்க வீட்டு விஷயம் இல்லையா?"

நல்லம்மாள் தட்டிலிருந்து திருநீறு எடுத்து அவர் நெற்றியில் பூசினார், கொஞ்சம் அழுத்தமாகவே.

அன்று மாலை நூற்றுப்பதினான்கு பேரும் கன்னையாவின் ஒட்டுப்போட்ட கைலியைத் தரிசித்தார்கள். கல்யாணம் தையில்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் போன வாரம் மகன் வேலையிடத்தில்தான் இருக்கிறானா என்று வரைபடத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தது யார்? எதற்கும் ஒரு நடை வெளியே போய், கொடியில் என்ன காய்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். எதிரே ஒரு கார் நிற்கலாம். கண்ணாடி பாதி இறங்கியிருக்கும்.