ஆமையிடம் பாடம் கேட்கப் போன ராஜா

'களக், களக்' என்று ஒரு சத்தம். யாரோ மண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் குடிக்கிற மாதிரி.

ஒரு காட்டில், ஏரிக்கரை ஓரம் குடியிருந்த செங்கமலம் என்ற நீர்நாய் அதைக் கேட்டதும் ஓடிப் போய்ப் பார்த்தாள். கரையில் விரல் நுழைகிற அளவு ஓட்டை. இப்போதே அடைக்காவிட்டால் பொழுது சாய்வதற்குள் கரை போய்விடும். கரைக்குக் கீழேதான் முயல்களின் வளைகள். அன்று காலைதான் அங்கே ஒருத்தி ஆறு குட்டி போட்டிருந்தாள். ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை.

செங்கமலம் களிமண்ணோடு கோரைப்புல்லைச் சேர்த்து மிதிக்கத் தொடங்கினாள்.

"நிறுத்தும்மா! ராஜா கத்துக்க வர்றார்!" என்று டேப்லெட்டும் கையுமாக வந்து நின்றது நரி சபாபதி, ராஜாவின் செயலாளர்.

சிங்கராஜா வீரப்பிரதாபர் முந்தின நாள்தான் தலைமைப் பயிற்சி முகாமை முடித்துச் சான்றிதழோடு திரும்பியிருந்தார். தலைவன் நிபுணர்களிடம் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் வேலை நடக்கிற இடத்துக்கே போய், என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராஜா நல்ல மனசுக்காரர். சிக்கலே அதுதான்.

"நீங்க குரு. நான் சிஷ்யன்" என்று சொல்லி, ஓட்டைக்கு நேர் மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பின்னால் பதினெட்டுப் பேர் பரிவாரமும் உட்கார்ந்தது. கரை ஒரு சாண் இறங்கியது.

"முதல் கேள்வி. மண் என்றால் என்ன?"

"ராஜா, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க."

"சபாபதி, எழுதிக்கோ! நகர்ந்து உட்கார வேண்டும். அடடா, எவ்வளவு ஆழமான கருத்து!"

சபாபதி எழுதிக்கொண்டது. யாரும் நகரவில்லை.

கீழேயிருந்து தாய் முயல் கத்தினாள்: "அக்கா, வளைக்குள்ள ஈரம் வந்துடுச்சு!"

செங்கமலம் கையிலிருந்த மண்ணைப் பார்த்தாள். ராஜாவைப் பார்த்தாள்.

"ராஜா, நான் வெறும் மண்ணு மிதிக்கிறவ. உங்க தகுதிக்கு மலை உச்சியில இருக்கிற ஆமையார்தான் சரி. இருநூறு வயசு. எத்தனையோ கரையைப் பார்த்தவர்."

"எத்தனை நாள் படிப்பு?"

"அது மாணவரோட ஆர்வத்தைப் பொறுத்ததுங்க."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதே பரிவாரத்தோடு மலையேறினார். அதற்குள் ஓட்டை தலை நுழைகிற அளவு ஆகியிருந்தது. தாய் முயலும் மேலே வந்து கூட நின்று மிதித்தாள். பொழுது சாயும்போது கசிவு நின்றது. குட்டிகள் எதுவும் தெரியாமல் தூங்கின.

ஆமை தன் வாழ்நாளில் எந்தக் கரையும் கட்டியதில்லை. ஆனால் ஒரு வாக்கியம் சொல்ல அரை நாள் எடுத்துக்கொள்ளும். முடிப்பதற்குள் அதற்கே தூக்கம் வந்துவிடும். ராஜா ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். காட்டில் மூன்று மாதமாக ஒரு சுற்றறிக்கை வரவில்லை. வாய்க்கால் தூர் வாரியாகிவிட்டது. ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ் வரிசையில் கூச்சல் இல்லை. ஆறு குட்டிகளுக்கும் ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள்.

பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு மான் வந்தது. "அக்கா, எங்க புலிராஜாவும் கத்துக்கணும்னு துடிக்கிறாரு. தினம் ஒரு வேலை நிக்குது. உங்க ஆமையாரைக் கொஞ்சம் அனுப்புவீங்களா?"

"அவர் இன்னும் முதல் பாடத்துலதான் இருக்காரு. கொக்கு ஒண்ணு இருக்கு. ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டே ஒரு வருஷம் பேசும். கூட்டிட்டுப் போங்க."

மான் கும்பிட்டுவிட்டுக் கொக்கோடு போனது. செங்கமலம் காய்ந்துகொண்டிருந்த களிமண்ணில் தண்ணீர் தெளித்து, மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

நீதி: தலைவர்கள் கற்பதை ஒருநாளும் நிறுத்தக் கூடாது, அவர்கள் வகுப்பில் இருக்கும்போதுதான் வெளியே வேலை நடக்கிறது.